புதையல் கதைகளை எடைக்குப் போடலாமா?

(சென்ற காலாண்டுக் கூட்டம் முடிந்த பிறகு நம் நூலக அறையில் நடந்த ஞாயிறு மாலைப் பேச்சின் எழுத்து வடிவம் இது. நூலக பீரோ பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க இருப்பதால், வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். மைக்கைச் சரி செய்வதிலேயே மூன்று நிமிடம் போய்விட்டது. அதை என் கணக்கில் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் நூலக அறையில் இரண்டு இரும்பு பீரோ இருக்கிறது. முதல் பீரோவில் போட்டித் தேர்வுக் கையேடுகள், ஆன்மிகம், சமையல், உடல்நலம். அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. இரண்டாவது பீரோவின் கீழ்த்தட்டு இரண்டில் இருப்பதுதான் பிரச்சினை. பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், மாத நாவல்கள், பைண்டு பண்ணிய தொடர்கதைகள், சிறுவர்களுக்கான சாகசக் கதைகள். பெரும்பாலும் வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை. இவற்றை எடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் நீட், ஜே.இ.இ. புத்தகங்கள் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அதற்குச் சொல்லும் காரணம்: “எல்லாம் ஒரே கதை சார். ஒன்றைப் படித்தால் போதும்.”

இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. உண்மைதான், எல்லாம் ஒரே கதைதான். குறிப்பாகப் புதையல் தேடும் கதைகள். அந்த ஒரே கதையை ஏன் 140 வருஷமாக உலகம் திரும்பத் திரும்பப் படிக்கிறது என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

அந்த ஒரே கதை

சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொடுப்பார். அதில் பாதி வரைபடம் இருக்கும். மீதிப் பாதி கெட்டவன் கையில் இருக்கும். கூட்டாளிகள் நாலு பேர் சேருவார்கள். அதில் ஒருவன் துரோகி என்று நமக்கு முதலிலேயே தெரியும், கதாநாயகனுக்கு மட்டும் தெரியாது. காடு, மலை, ஆறு, தொங்கு பாலம். தொங்கு பாலம் வந்தால் அது அறுந்தே தீரும். குகை, எலும்புக்கூடு, பாம்பு. புதையலைப் பார்ப்பார்கள். பேராசை பிடித்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டு சாவான். மற்றவர்கள் கையளவு எடுத்துக்கொண்டு உயிர் தப்புவார்கள். முற்றும்.

இந்தச் சூத்திரம் எங்கே பிறந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் ஆர். எல். ஸ்டீவன்சன் எழுதிய ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலைச் சொல்வார்கள். 1881-ல் ஸ்காட்லாந்தில் ஒரு மலை ஊரில், வெளியே போக முடியாத மழை. வீட்டிலிருந்த பள்ளி வயதுப் பையன் ஒருவன், ஸ்டீவன்சனின் மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன், வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து உட்கார்ந்து ஸ்டீவன்சனும் ஒரு தீவை வரைந்தார். குன்றுகளுக்கும் துறைகளுக்கும் பெயர் வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கதை வந்தது. முதலில் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883-ல் புத்தகமானது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்த மூல வரைபடம் தொலைந்துபோனது. பிறகு கதையை வரிவரியாகப் படித்து, அதற்கு ஏற்ற மாதிரி இன்னொரு வரைபடம் வரைய வேண்டியிருந்தது.

அடுத்து 1885-ல் ரைடர் ஹாகார்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ வந்தது. ஸ்டீவன்சனுக்குச் சமமாக எழுத முடியுமா என்று சகோதரரோடு ஐந்து ஷில்லிங் பந்தயம் கட்டி எழுதினார் என்று சொல்வார்கள். வங்காளத்தில் விபூதிபூஷண் பந்தோபாத்யாய் 1937-ல் ‘சாந்தேர் பஹாட்’ என்று ஒரு நாவல் எழுதினார். ‘நிலா மலை’ என்று பொருள். ஆப்பிரிக்காவில் வைரச் சுரங்கம் தேடும் வங்காளக் கிராமத்துப் பையனின் கதை. எழுதியவர் ஆப்பிரிக்காவைப் பார்த்ததே இல்லை.

நமக்கு இந்தக் கதை வந்த வழி சிவகாசி வழி. 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே வருஷம் ராணி காமிக்ஸும் வந்தது. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் வரைந்த படங்களில் நம் ஊர்த் தமிழ் பேசினார்கள். லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ, வேதாள மாயாத்மா, டெக்ஸ் வில்லர் என்று பெயர் சொன்னாலே இங்கே உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், பார்க்கிறேன். சினிமாவில் ‘மெக்கன்னாஸ் கோல்டு’. 1969-ல் வந்த படம். எத்தனை முறை மறுபடி மறுபடி திரையிட்டாலும் நம் ஊர்களில் கூட்டம் வந்தது. மதுரையில் வாழ்ந்து 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் இதே தேடலைக் கோவில், சித்தர், ஓலைச்சுவடி என்று நம் மண்ணுக்கு மாற்றினார். அவருடைய ‘மர்மதேசம்’ தொடரில் நவபாஷாண லிங்கத்தைத் தேடிய கதையைப் பார்த்துவிட்டு, ராத்திரி தனியாகத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாதவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். 2010-ல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தபோது இந்தச் சூத்திரத்தை முழுக்க முழுக்கக் கிண்டல் செய்தார். கிண்டல் செய்வதற்கே எல்லாருக்கும் அது மனப்பாடமாக இருக்க வேண்டும் அல்லவா?

முடிவு தெரிந்தால் என்ன?

இப்போது முதல் கேள்வி. முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்க வேண்டும்?

இதற்குப் பதில் சொல்ல நாம் எங்கேயும் போக வேண்டாம். நம் பக்கத்துத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். கடைசியில் முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கொள்வார் என்பது பந்தலில் உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். பிறகு ஏன் பாயை எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறோம்? இந்த வருஷம் நாரதர் எப்படித் தர்க்கம் பண்ணப் போகிறார், வள்ளியாக வரும் அம்மா எப்படி மடக்கப் போகிறார் என்று பார்க்கத்தான். முடிவைப் பற்றிய கவலை இல்லாததால் நடுவில் நடப்பதை நிம்மதியாக ரசிக்கிறோம்.

புதையல் கதையும் அப்படித்தான். பாலம் அறுந்துவிடும் என்று தெரியும். இந்த முறை எப்படி அறுகிறது, யார் எந்தக் கையில் தொங்குகிறார் என்பதுதான் விஷயம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. அடுத்து என்ன வரும் என்று பாதி தெரிந்திருப்பதால், தெரியாத சொல் வந்தால்கூட தடுக்கி விழாமல் தாண்டிப் போகிறது. நம்மில் பலர் தமிழில் வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்டது பாடப் புத்தகத்தில் இல்லை, இந்த மாதிரிப் புத்தகங்களில்தான். பத்துப் புத்தகம் படித்தவனுக்குத்தான் பதினோராவது புத்தகம் கனமானதாக இருந்தாலும் தூக்க முடியும்.

உழைப்புக்கு ஏற்ற முடிவு

இரண்டாவது, நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் சொல்கிறேன். இங்கே பாதிக் குடும்பங்களுக்கு ஏலக்காயோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு. தோட்டம், கடை, தரம் பிரிக்கும் வேலை, ஏல மையம், ஜீப் ஓட்டுவது. விடிவதற்கு முன்னாலேயே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே வேலைக்குப் போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இந்தத் தொழிலில் உழைப்புக்கும் வரவுக்கும் நேர்க்கோடு கிடையாது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதே செடி, அதே மருந்து, அதே ஆள் கூலி, அதே குளிர். கூடுதலாக உழைத்த வருஷம் நஷ்டமாகவும், மழை பொய்த்து மகசூல் குறைந்த வருஷம் லாபமாகவும் முடியலாம். இப்படி வாழும் ஒருவருக்கு, ஐந்து தடையைத் தாண்டினால் ஆறாவது கதவு கட்டாயம் திறக்கும் என்று உறுதி கொடுக்கும் கதை எவ்வளவு ஆறுதல்! மாலையில் களைத்து வந்து ஒரு மாத நாவலைப் பிரிப்பவரைப் பார்த்து, “இதையெல்லாம் போய்ப் படிக்கிறீர்களா?” என்று கேட்பது சரியில்லை. நாள் முழுக்கக் கணக்கு ஒத்துவராத உலகத்தில் இருந்துவிட்டு, கணக்கு ஒத்துவரும் உலகத்துக்கு ஒரு மணி நேரம் போய்வருகிறார்.

மலையைப் படிக்கும் கண்

மூன்றாவது காரணம் வரைபடம். புதையல் கதையில் சும்மா இருக்கும் பொருள் என்று எதுவும் கிடையாது. ஒற்றைப் பனை இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தில் சூரியன் உதிக்கும்போது ஒரு பாறைத் தூணின் நிழல் நீண்டுபோய் வழி காட்டும். இந்தக் கதைகளில் ஊறிய பிள்ளை, சுற்றி இருக்கும் ஊரையும் அப்படித்தான் பார்க்கும். இந்தக் கல் ஏன் இங்கே இருக்கிறது? இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர்?

போடிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. குரங்கணியிலிருந்து மேலே போகும் பாதையில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஓர் இடம் இருக்கிறது. உச்சியில் ‘டாப் ஸ்டேஷன்’. இரண்டு இடத்திலும் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. பின்னே ஏன் ஸ்டேஷன்? விடை தேடினால் ஒரு சாகச நாவலே கிடைக்கும். 1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயில் ஓடியது. மேலே விளைந்த தேயிலைப் பெட்டிகள் அதில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு அதை யாரும் திரும்பப் போடவில்லை. பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது.

கீழே நம் போடி ரயிலுக்கும் ஒரு கதை உண்டு. 1928-ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி போடிக்கு வந்தது. தண்டவாளம் காணாமல் போய்த் திரும்பி வந்த ஊர் நம்முடையது! இதைப் பிள்ளைகளிடம் வரலாற்றுப் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து, “ரயில் இல்லாத ஸ்டேஷனைக் கண்டுபிடி” என்று சொல்லிப் பாருங்கள்.

சொன்ன இடத்தில் இருக்காது

நான்காவதாக ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நல்ல புதையல் கதைகளில், வரைபடம் சொன்ன இடத்தில் புதையல் இருப்பதே அபூர்வம்.

‘டிரெஷர் ஐலண்ட்’ கதையில் எல்லாரும் அடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் குழி காலியாகக் கிடக்கும். தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் என்பவன் எப்போதோ அதைத் தோண்டி எடுத்துத் தன் குகையில் வைத்திருப்பான். ‘சாந்தேர் பஹாட்’ கதையில் பையன் சங்கர் குகைக்குள் வழி தவறுவான். திரும்பி வர அடையாளத்துக்காகக் கீழே கிடந்த கூழாங்கற்களை வழியெல்லாம் வைத்துக்கொண்டே போவான். அந்தக் கற்கள்தான் அவன் தேடி வந்த வைரங்கள் என்பது வெளியே வந்து வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கையில் மிஞ்சியது சில கற்கள்தான். மெக்கன்னா, தன் குதிரைச் சேணப் பையில் தங்கம் இருப்பது தெரியாமலே குதிரையேறிப் போவார். டின்டின் கதையொன்றில் கடல் முழுக்கத் தேடியபின், புதையல் ஒரு பழைய மாளிகையின் நிலவறையில் அகப்படும்.

இது எழுத்தாளர்களின் தந்திரம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேடப் புறப்பட்ட பொருள் ஒன்று, கைக்குக் கிடைப்பது இன்னொன்று என்பது வயதானவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. இன்று ஏலத் தோட்டங்களில் பரவலாக இருக்கும் ஞள்ளானி ரகத்தைக் கண்டெடுத்தவர் இடுக்கி மாவட்ட விவசாயி செபாஸ்டியன் ஜோசப். எந்தத் தீவுக்கும் போகவில்லை. தன் தோட்டத்துச் செடிகளையே வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்து, நன்றாகக் காய்ப்பவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். பழைய ரகங்களைவிடப் பல மடங்கு மகசூல் தந்தது. டின்டின் கதையின் நிலவறைப் புதையல் மாதிரிதான், வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மோசடிக்காரன் படிக்காத அத்தியாயம்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். “பிள்ளைகள் புதையல் கதை படித்தால் பேராசை வரும், மூடநம்பிக்கை வரும்” என்று கூட்டத்தில் ஒரு சகோதரி சொன்னார். நியாயமான கவலை. ஏனென்றால் புதையல் என்ற சொல்லை வைத்து நம் மாவட்டங்களில் நடக்கும் ஏமாற்று கொஞ்சநஞ்சம் இல்லை.

என் சித்தப்பா ஒருவர் மேலே ஏலத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நூறு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு ஆள் அவரைத் தேடி வந்தான். கையில் செப்புப் பட்டயம். மலையில் ஒரு பாறைக்கு அடியில் ஏழு குடம் பொன் இருக்கிறது, காவல் தெய்வத்துக்குப் பூஜை போட்டால் எடுத்துவிடலாம் என்றான். முதல் பூஜைக்குக் கொஞ்சம் பணம். அப்புறம் பரிகாரம். அப்புறம் அமாவாசை தவறிவிட்டது, மறுபடி பூஜை. இரண்டு வருஷத்தில் சித்தியின் நகையும், ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரு இடமும் போயின. அந்த ஆளும் போய்விட்டான். சித்தி பிற்பாடு நகையைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “ஒரு தடவையாச்சும் அந்தப் பாறைய நேர்ல காட்டுன்னு இந்த மனுசன் கேட்டிருக்கலாம்ல.”

புதையல் கதைக்கும் புதையல் மோசடிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கதையில் வரைபடம் கிடைத்தவன் தானே நடக்கிறான், தானே ஏறுகிறான், ஒவ்வொரு அடையாளத்தையும் தன் கண்ணால் சரிபார்க்கிறான். மோசடியில் வரைபடம் வைத்திருப்பவன் உங்களை நடக்க விடமாட்டான். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பணம் மட்டும் கொடுக்க வேண்டும். முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் இருக்கும் இருபது அத்தியாயத்தை மறைத்துவிடுகிறான். இருபது புதையல் கதை படித்த பிள்ளைக்கு, நடுப்பகுதி இல்லாத கதையைக் கேட்டால் எங்கோ உதைக்கும். குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது கேட்கும்.

‘இரிடியம் கலசம்’ கதையும் இதே மாதிரிதான். கோவில் கலசத்தில் இடி விழுந்தால் அதற்கு அரிசியை இழுக்கும் சக்தி வரும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குவார்கள் என்று வாட்ஸ்அப்பில்கூட வருகிறது. இரிடியம் என்பது பிளாட்டினம் வகையைச் சேர்ந்த ஓர் உலோகம், அவ்வளவுதான். அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளை ஏற்றி, காந்தத்தை மறைத்து வைத்துக் காட்டும் வேலை அது. நம் குடியிருப்பில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் அதிகம். பணி ஓய்வுப் பணம் வங்கியில் இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிடுகிறது. இப்படி யாராவது பேச வந்தால், அசோசியேஷனில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நிஜமாகவே மண்ணுக்கடியில் ஏதாவது கிடைத்தால்? அதற்கும் சட்டம் இருக்கிறது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரித்து, உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு விரும்பினால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. “கலெக்டருக்கு மனு கொடுத்தாச்சா?” என்று கேட்டுப் பாருங்கள், பட்டயத்தோடு வந்த ஆள் காபிகூடக் குடிக்காமல் போய்விடுவான்.

குறைகளும் உண்டு

இந்தப் புத்தகங்களை நான் ஒரேயடியாகப் புகழவில்லை. இரண்டு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, இந்தக் கதைகளில் மலையில் வாழும் மக்கள் வழி காட்ட மட்டும் வருவார்கள். பாதிக் கதையில் அம்பு பட்டோ, பாறையிலிருந்து விழுந்தோ செத்துப் போவார்கள். யாரும் ஒரு நிமிடம் நின்று அழக்கூட மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் உலகத்தை ஆண்ட காலத்தில் பிறந்த சூத்திரம் அது. நம் மலையில் முதுவர்களும் பளியர்களும் வாழ்கிறார்கள். அது அவர்களுடைய வீடு. அங்கே யாரும் யாருக்கும் துணைக் கதாபாத்திரம் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். பெண்களும் அப்படித்தான். ‘டிரெஷர் ஐலண்ட்’ கதையில் பேர் சொல்லும்படியாக வருபவர் கதாநாயகனின் அம்மா மட்டுமே. நம் சி பிளாக் பாப்பாக்கள் இதைக் கண்டுபிடித்து ஏற்கெனவே என்னிடம் சண்டை போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது குறை கனமானது. கதையில் கதாநாயகன் கட்டாயம் தப்பிப்பான். மலை அப்படி எந்த உறுதியும் கொடுப்பதில்லை. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயை நாம் யாரும் மறக்கவில்லை. மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது. அன்று ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபடி விழித்திருந்தவர்கள் இந்த அறையில் இருக்கிறார்கள். கோடைக் காலத்தில் அந்தப் புல்வெளி எப்படிக் காய்ந்து கிடக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது எந்த நாவலிலும் எழுதியிருக்காது. அதனால்தான் சொல்கிறேன், சாகசத்தைப் புத்தகத்தில் வைத்துக்கொள்வோம். மலைக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதியோடு, திறந்திருக்கும் பருவத்தில், வழி தெரிந்தவரோடு போவோம். இப்போது ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று அரசே பதிவு முறை வைத்திருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் அதன் வழியாகக் கூட்டிப்போங்கள்.

என் வேண்டுகோள்

எனவே சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, கீழ்த்தட்டு இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம். கரையான் அரித்தவற்றை மட்டும் எடுத்துவிடலாம். பழைய காமிக்ஸ்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எடைக் கடை விலை அவற்றின் விலை இல்லை. இரண்டாவது, நீட் புத்தகங்களுக்கு வேறு இடம் பார்ப்போம். கேரம் போர்டுக்குப் பின்னால் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு மர ஷெல்ஃபுக்கு நானும் என் பங்கைத் தருகிறேன். மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகள் நம் வளாகத்துக்கோ போடி ஊருக்கோ வரைபடம் வரையட்டும். கொட்டகுடி ஆறு, ஜமீன் அரண்மனை, ரயில் நிலையம், மலைப் பாதை எல்லாம் அதில் வரட்டும். நான்காவது, கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாரம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டட்டும். ஏ பிளாக் தாத்தா ஒருவர் இப்போதே ‘இரும்புக்கை மாயாவி’ கேட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் கை தூக்குவதற்கு முன்னால், ஒரு தடவை வந்து அந்த பீரோவைத் திறந்து பாருங்கள். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன உதவி. இரண்டாவது தட்டில், இடது பக்கத்திலிருந்து நான்காவதாக ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. அட்டை இல்லை, பெயர் தெரியவில்லை, கடைசி எட்டுப் பக்கமும் இல்லை. துரோகி குகைக்குள் நுழையும் இடத்தில் கதை நின்றுவிடுகிறது. என்ன ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பக்கங்கள் அகப்பட்டால், தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள்.